தீர்ப்பு வந்துவிட்டது, கடனில் பெயர் அப்படியே இருக்கிறது

"வீட்டுக்கடனை இனி கணவரே கட்ட வேண்டும்" என்று விவாகரத்துத் தீர்ப்பில் எழுதியிருக்கும். அதைப் படித்ததும் கடன் தன் தலையிலிருந்து இறங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். இறங்கவில்லை. அந்த வழக்கில் வங்கி ஒரு தரப்பே அல்ல. இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டபோது ஆளுக்குப் பாதி என்று யாரும் எழுதித் தரவில்லை. முழுத் தொகைக்கும் இருவருமே பொறுப்பு என்பதுதான் ஒப்பந்தம். வங்கி சம்மதிக்காமல் அது மாறாது. தீர்ப்பு தருவது வேறோர் உரிமை: அவர் கட்டாமல் விட்டு நீங்கள் கட்ட நேர்ந்தால், அந்தப் பணத்தை அவரிடம் கேட்டு வாங்கலாம். வாங்கிய பிறகும், யார் எந்தக் கடனை எப்படிக் கட்டினார் என்று பதிவாகும் கடன் அறிக்கையில் விழுந்த கறை போகாது.

அதனால் சமரசப் பேச்சு நடக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். முதலில் உங்கள் கடன் அறிக்கையை எடுக்க வேண்டும், அதுவும் அதைத் தொகுக்கும் எல்லா நிறுவனங்களிடமிருந்தும். இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதல் மூன்று நிறுவனங்கள்தாம் பெரியவை. அறிக்கையில் உள்ள கடன் மதிப்பெண்ணை (கிரெடிட் ஸ்கோர்) மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு கணக்கிலும் உங்கள் பங்கு என்ன என்று ஒரு வரி இருக்கும்: தனி, கூட்டு, ஜாமீன், கூடுதல் பயனர். பின்னால் நீங்கள் செய்யப்போகும் எல்லாமே அந்த ஒரு சொல்லைப் பொறுத்தது. ஜாமீன் போட்டதையே மறந்துபோனவர்களுக்கு அது நினைவுக்கு வருவதும் இங்கேதான்.

கூடுதல் பயனர் என்றால் சுலபம். அவருடைய கிரெடிட் கார்டில் உங்களுக்கு ஒரு கூடுதல் அட்டை, அவ்வளவே. பாக்கிக்குப் பொறுப்பு பெரும்பாலும் மூல அட்டைதாரருக்குத்தான். வங்கியிடம் சொல்லி உங்கள் பெயரை எடுத்துவிடலாம். உங்கள் கார்டில் அவர் கூடுதல் பயனராக இருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். அவர் தேய்ப்பது முழுக்க உங்கள் கடன்.

கூட்டுக் கணக்கில் ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் கடனாக எடுப்பது) போல இன்னும் பணம் எடுக்க வழி இருந்தால், புதிதாக எதுவும் எடுக்க முடியாதபடி நிறுத்திவைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். பாக்கி இருக்கும்வரை கணக்கை மூட மாட்டார்கள், ஆனால் மேற்கொண்டு ஏறாமல் தடுக்கலாம்.

வீட்டுக்கடன்தான் கடினம். பெயரை எடுக்க மூன்றே வழி: வங்கி உங்களை எழுத்துமூலம் விடுவிப்பது, அவர் தன் பெயரில் மட்டும் புதுக்கடன் வாங்கிப் பழையதை அடைப்பது, வீட்டை விற்று முடிப்பது. முதல் இரண்டிலும் வங்கி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இவருடைய ஒரு சம்பளத்துக்கு இந்தக் கடனைக் கொடுத்திருப்போமா? இரண்டு சம்பளத்தைக் காட்டி வாங்கிய கடன் என்பதால் பலருக்கும் இல்லை என்றே பதில் வருகிறது. அப்போது அசலில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்டுவது, தவணைக் காலத்தை நீட்டுவது, அவர் வீட்டிலிருந்து வேறொருவரை இணைக் கடனாளராகச் சேர்ப்பது என்று வழி தேடவேண்டும். இதையெல்லாம் தீர்ப்புக்குப் பிறகு கண்டுபிடிப்பது பெரிய தவறு. சமரசப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே, அவர் தனியாகக் கடன் வாங்கத் தகுதியானவரா என்று வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள். பத்திரத்திலும் நாள் குறிப்பிடுங்கள்: இத்தனை நாளுக்குள் பெயர் நீக்கம், முடியாவிட்டால் வீடு விற்பனை, அதுவரை மாதாமாதம் கட்டியதற்கான ரசீது. "அவர் கட்டுவார்" என்ற வெறும் வாக்கியம் உங்களைக் காப்பாற்றாது.

வீட்டில் உங்கள் பங்கை எழுதிக் கொடுப்பதும் கடனிலிருந்து விலகுவதும் இரு வேறு காரியங்கள். பத்திரம் பதிந்தால் உரிமை போகும், கடன் போகாது. விடுவிப்புக் கடிதம் கையில் வராமல் பங்கை எழுதிக் கொடுத்தவர், சொந்தமில்லாத வீட்டுக்குக் கடனாளியாக நிற்பார். இரண்டும் ஒரே நாளில் நடக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

கறை விழும் இடங்கள் பெரும்பாலும் சின்னவை. தவணை கூட்டுச் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருக்கும். பிரிந்த வேகத்தில் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். தவணைக்கான ஆணையைப் புதுக் கணக்குக்கு மாற்றியிருக்க மாட்டார்கள். அடுத்த மாதம் தவணை பவுன்ஸ் ஆகி, இருவர் அறிக்கையிலும் தாமதம் ஏறும். புதுக் கணக்கிலிருந்து ஒரு தவணை போனதைக் கண்ணால் பார்த்த பிறகே பழையதை மூடுங்கள். கிரெடிட் கார்டில் இன்னொன்று: பில்லில் உள்ள பாக்கியைக் கட்டி முடித்தாலும், ஏற்கெனவே வட்டி ஓடிக்கொண்டிருந்த கார்டு என்றால், பில் தேதியிலிருந்து கட்டிய நாள்வரைக்குமான வட்டி அடுத்த பில்லில் வரும். அந்தச் சில்லறைத் தொகைக்கான பில் பழைய முகவரிக்குப் போய், யாரும் பிரிக்காமலே தவணை தவறிய கணக்காகிவிடும். முகவரி, மின்னஞ்சல், கைபேசி எண் மூன்றையும் மாற்றி, அடுத்த பில்லும் பூஜ்யம் என்று பார்த்த பின் விடுங்கள்.

அவர் கட்டவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? அநியாயம்தான், இருந்தாலும் முடிந்தால் நீங்கள் கட்டுங்கள். ரசீதை வைத்துக்கொண்டு தீர்ப்பை நிறைவேற்றக் கோரி நீதிமன்றம் போங்கள். அமெரிக்காவில் 30 நாள் தாண்டினால்தான் பொதுவாகத் தாமதம் பதிவாகும். பதிவானால் 7 ஆண்டு நிற்கும். இந்திய அறிக்கையில் எத்தனை நாள் தாமதம் என்ற எண்ணே பதிவாவதால் அந்த அவகாசத்தை நம்ப முடியாது.

அவர் குறைந்த தொகைக்கு வங்கியோடு பேசி முடித்தால் உங்கள் அறிக்கையிலும் "செட்டில்டு" என்று விழும். அடுத்த கடன் கேட்கும்போது அது கிட்டத்தட்ட கட்டாத கடனாகவே பார்க்கப்படும். முழுத் தொகையும் அடைக்கப்பட்டுக் கணக்கு மூடப்பட்டது என்று, இருவர் பெயரும் கடன் எண்ணும் போட்டு வங்கியிடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குங்கள்.

முறையீட்டைப் பற்றித் தெளிவு தேவை. கூட்டுக் கடனில் அவர் தவறவிட்ட தவணை உங்கள் அறிக்கையில் இருப்பது பிழை அல்ல. தீர்ப்பு நகலை அனுப்பினாலும் நீக்க மாட்டார்கள். நீக்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள். கூடுதல் பயனரைக் கூட்டுக் கடனாளர் என்று காட்டுவது, விடுவிப்புக்குப் பின் வந்த தாமதத்தை உங்கள் கணக்கில் ஏற்றுவது, மூடிய கடனைத் திறந்ததாகக் காட்டுவது, உங்களுக்குத் தெரியாமல் உங்கள் கையெழுத்தைப் போலியாகப் போட்டு எடுத்த கடன்: இவை பிழைகள். வங்கியின் கடிதத்தை இணைத்து, வங்கியிடமும் அறிக்கை நிறுவனத்திடமும் சேர்த்தே புகார் கொடுங்கள். இந்தியாவில் 30 நாளுக்குள் முடிக்காவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2023-ல் போட்ட விதி.

பிரிட்டனில் இன்னும் ஒரு படி உண்டு. கூட்டுக் கணக்கு வைத்திருந்தாலே இருவர் பெயரும் அறிக்கையில் பிணைக்கப்படும்; கணக்குகள் மூடினாலும் பிணைப்பு தானாக அவிழாது. மூன்று நிறுவனங்களிடமும் தனித்தனியாகக் கேட்டுத் துண்டிக்க வேண்டும். எந்த நாடானாலும், கடைசிக் கணக்கு முடிந்து இரண்டு மாதம் கழித்து எல்லா அறிக்கைகளையும் மறுபடி எடுத்து, மூடிய தேதியையும் பாக்கித் தொகையையும் கையிலுள்ள கடிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.