பலூன் லைட்: எந்த வேலைக்கு, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு பாரத்தோடு

இரவில் தார் போடும் இடங்களில் பெரும்பாலும் இன்னும் ஃபோகஸ் லைட்தான். ஜெனரேட்டர் வண்டியின் மேல் நான்கைந்தைக் கட்டி வேலை நடக்கும் பக்கம் திருப்பி விடுகிறார்கள். வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் ரோலர் ஓட்டுபவர் அந்தப் பக்கம் திரும்பினால் கண் கூசி, சில நொடிகளுக்குத் தரையில் நிற்கும் ஆளே தெரிவதில்லை. தார்க் கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரத்துக்கு மறுபக்கம் கும்மிருட்டு. ரேக் பிடித்துக் கலவையை இழுப்பவர் அந்த நிழலுக்குள்தான் நிற்கிறார். எதிரே வரும் லாரி ஓட்டுநருக்குத் தடுப்புக் கூம்புகளும் கண்ணில் படாது.

வெள்ளைத் துணி உருண்டைக்குள் விளக்கை வைத்துக் கம்பத்தில் ஏற்றுவதுதான் பலூன் லைட். அது தீர்ப்பது இந்தக் கூச்சத்தையும் நிழலையும்தான். கூடுதல் வெளிச்சம் கிடைக்கும் என்று நினைத்து வாங்க வேண்டாம். வெள்ளைத் துணி, விளக்கின் ஒளியில் கால் பங்கு வரை தின்றுவிடும். மிச்ச ஒளி எல்இடியின் சின்னச் சில்லுகளிலிருந்து நேராகப் பாயாமல், ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டை முழுவதிலிருந்தும் பரவுவதால் நேராகப் பார்த்தாலும் கண் தாங்குகிறது, நிழலின் ஓரமும் மங்கிவிடுகிறது.

‘இத்தனை ஆயிரம் சதுர மீட்டருக்கு வெளிச்சம்’ என்று விற்பவர் சொல்வதை நம்பி எண்ணிக்கையை முடிவு செய்யக் கூடாது. எவ்வளவு லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) என்று சொல்லாத பரப்பளவுக்கு அர்த்தமே இல்லை. 600 வாட் எல்இடி, மேல் பாதியின் உட்புறத்தில் வெள்ளிப் பூச்சு, 5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நேர் கீழே ஏறத்தாழ 240 லக்ஸ் விழும். பத்து மீட்டர் தள்ளிப் போனால் 20 சொச்சம். இருபது மீட்டரில் மூன்று, நான்குதான். அமெரிக்காவின் நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டமான என்.சி.எச்.ஆர்.பி. இரவுச் சாலைப் பணிக்காக வெளியிட்ட 498-ஆம் அறிக்கை, ஆட்கள் நடமாடும் பொதுவான இடத்துக்கு 54 லக்ஸ், இயந்திரங்களைச் சுற்றி 108, நுணுக்கமான வேலைக்கு 216 என்று மூன்று படி வைக்கிறது. மேலே சொன்ன இரண்டு பலூன்களை 18 மீட்டர் இடைவெளியில் நிறுத்தினால் நடுவில் அந்த 54 கிடைக்கும். சிக்கனம் பார்த்து 30 மீட்டருக்கு இழுத்தால் நடுவில் 15-க்கு இறங்கிவிடும். அதனால் இடைவெளியை முதலில் முடிவு செய்யுங்கள், எத்தனை பலூன் வேண்டும் என்பது அதிலிருந்து தானாக வரும்.

பேவரின் மேலேயே பலூனைப் பொருத்துவது நல்ல ஏற்பாடு, வேலையோடு வெளிச்சமும் நகரும். ஆனால் முன்பக்கம் வேண்டாம். டிப்பர் தொட்டியைத் தூக்கும்போது இடிக்கும். பின்னால், கலவையை மட்டமாக்கும் ஸ்க்ரீடு பக்கம், அதுவும் இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று வைத்தால் ஒன்றின் நிழலை மற்றொன்று நிரப்பும். கம்பத்தின் அடியில் ரப்பர் அதிர்வுத் தாங்கி கட்டாயம். இல்லாவிட்டால் அதிர்வில் விளக்குத் தட்டின் திருகுகள் கழன்று, ஒயர் முனைகள் தளர்ந்து, விளக்கு விட்டுவிட்டு எரியும். எல்லாம் ஏற்றி முடிந்ததும் ஒருவர் காரில் உட்கார்ந்து இரு திசையிலிருந்தும் ஒருமுறை ஓட்டி வர வேண்டும். மஞ்சள் பிளிங்கரும் கொடிக்காரரும் தொலைவிலிருந்தே தெரிகிறார்களா, பலூனின் பிரகாசத்தில் மறைகிறார்களா என்பது அங்கேதான் தெரியும்.

விபத்து பெரும்பாலும் காற்றால் வருகிறது. ஒரு மீட்டர் உருண்டை மீது மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று சுமார் 3 கிலோ விசையோடு தள்ளும், 60 ஆனால் கிட்டத்தட்ட 7 கிலோ. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அது 5 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது. முக்காலி ஸ்டாண்டின் பாதங்கள் நடுவிலிருந்து ஒரு மீட்டர் விரிந்திருந்தாலும், இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட திசையில் சாயும்போது தாங்கும் தூரம் அரை மீட்டர்தான். ஆகவே 40 கிலோமீட்டர் காற்றுக்கு அடியில் மொத்தம் 30 கிலோவும், 60-க்கு 70 கிலோவுக்குக் குறையாமலும் பாரம் வேண்டும். காலுக்கு 25 கிலோ மணல் மூட்டை என்று பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் மூன்று பக்கமும் கயிறு கட்டி, கயிற்றில் சிவப்புத் துணி தொங்கவிட வேண்டும், இருட்டில் ஆள் தடுக்கி விழாமலிருக்க. பலூன் துணி படபடக்க ஆரம்பித்தால் உடனே கம்பத்தை இறக்கிவிடுங்கள். மேலே மின்கம்பி போகும் இடத்தில், இறங்கிய நிலையிலும் கூட ஸ்டாண்டை நிறுத்தவே கூடாது. சாய்ந்தால் எங்கே விழும் என்று பார்த்து அந்தத் தூரத்துக்கும் அப்பால் வைக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் இரண்டு 600 வாட் பலூன்களையும் அவற்றுக்குள் காற்றடிக்கும் ஊதியையும் தாராளமாக இழுக்கும். சின்ன செட்டுகளில் ஒரு மறைந்த ஆபத்து உண்டு. பலவற்றில் நியூட்ரல், செட்டின் உடலோடு இணைக்கப்படாமல் மிதக்கும். அந்த நிலையில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய ஆர்.சி.சி.பி. சுவிட்சை மாட்டினாலும் அது விழாது. எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலைப் பிணைத்து, எர்த் கம்பி அடித்து, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டு, டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஒயர் ஜாயிண்டைத் தரையில் கிடக்க விடாமல் தூக்கிக் கட்டுங்கள்.

குடை மாதிரி கம்பி விரியும் வகைக்கு ஊதி தேவையில்லை. ஊதி வைத்த வகையில் விளக்கு எரியும் வரை காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மின்சாரம் நின்றால் துணி தொய்ந்து விளக்கின் மேல் படியும். பழைய மெட்டல் ஹேலைடு விளக்கு என்றால் துணி கருகும். அதற்குக் கம்பிக்கூண்டு அவசியம், அணைத்த பின்னும் பத்து நிமிடம் ஊதியை ஓடவிட வேண்டும். அந்த விளக்கு ஒருமுறை அணைந்தால் சூடு ஆறி மறுபடி எரியப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். பெட்ரோல் ஊற்ற செட்டை நிறுத்தும்போதெல்லாம் வேலையிடம் இருட்டில் நிற்கும். புதிதாக வாங்குபவர்கள் எல்இடி மட்டுமே வாங்கவும். பலூன் மெல்ல தொய்ந்தால் முதலில் ஊதியின் வடிகட்டியைப் பாருங்கள், தார்ப்புகையும் தூசியும் அடைத்திருக்கும்.

பேரிடர் மீட்புப் படையினரிடம் இருக்கும் ‘ஆஸ்கா லைட்’ இதிலிருந்து வேறு. அதில் துணிக்குழாய் ஊதப்பட்டு கம்பமாக நிற்கிறது, மேலே விளக்குகள் மூடாமல் இருக்கும். இடிபாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காயம் கட்டுபவருக்கு பலூன்தான் உதவும். மருத்துவ முகாமுக்கு நிறக்காட்டு எண் (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு, சி.ஆர்.ஐ.) 90-க்கு மேலுள்ள விளக்காகக் கேளுங்கள், தோல் வெளுத்திருப்பதும் ரத்த நாளமும் சரியாகத் தெரியும்.

திருமணப் பந்தி, கோயில் திருவிழா அன்னதானம் என்றால் 3000 கெல்வின் மஞ்சள் ஒளி நல்லது. மழை பெய்த மாலையில் ஈசல் வெள்ளை ஒளிக்குக் கூட்டமாக வரும், இலைக்கு நேர் மேலே பலூன் இருந்தால் சாப்பாட்டில் விழும். பந்திக்கு வெளியே, இரு ஓரங்களிலும் நிறுத்துங்கள். ஜெனரேட்டர் புகை பந்தலுக்குள் வராத திசையில் இருக்கட்டும். வீடியோ எடுக்கிறார்கள் என்றால் முன்தினமே செல்ஃபோனில் ஸ்லோமோஷனில் பலூனை எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் துடித்தால் எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் மட்டமானது, வீடியோவில் பட்டை பட்டையாக விழும். பெரிய ஹீலியம் பலூன் கேட்பவர்களுக்கு ஒன்று: ஒரு கன மீட்டர் ஹீலியம் சுமார் ஒரு கிலோவைத்தான் தூக்கும், விலையும் அதிகம். மலிவு என்று ஹைட்ரஜனை யாராவது சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள், அது தீப்பிடிக்கும் வாயு.

வேலை முடிந்ததும் துணியை ஈரத்தோடு மடித்தால் ஓரிரு வாரத்தில் பூஞ்சைக் கறை வந்து வெளிச்சம் குறையும். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் காயவைத்து மடிக்கவும். தார்ப் புள்ளியைத் தின்னர் போட்டுத் துடைத்தால் துணியின் பூச்சே போய்விடும். வாங்கும்போது மாற்றுத் துணி உறை தனியாகக் கிடைக்குமா, எல்இடி டிரைவரை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முதலில் பழுதாவது இவை இரண்டும்தான்.