ஸ்டீம்பங்க் தொகுப்பு போட்ட கதை: 310 அட்டை எப்படி வீணாப்போச்சுன்னு சொல்றேன்

என் கட்டிலுக்கு அடியில 310 புத்தக அட்டை கெடக்கு. 300 ஜி.எஸ்.எம். போர்டு, மேட் லாமினேஷன், செம்பு கலர்ல பல்சக்கரம், பின்னாடி ராயபுரம் ஸ்டேஷன் தூணுங்க. பார்க்க அவ்ளோ அழகா இருக்கும், ஆனா ஒண்ணுகூட எங்க புத்தகத்துக்கு ஆகாது. அந்தக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் வயிறு எரியுது. நாலு பேர் சேர்ந்து சொந்தமா சிறுகதைத் தொகுப்பு போடலாம்னு இருக்கீங்கன்னா இதைப் படிச்சுட்டு அப்புறம் இறங்குங்க.

மொத்தம் ஒன்பது பேர், எல்லாருக்கும் வேற வேலை இருக்கு, எழுத்து ராத்திரியில. ஸ்டீம்பங்க்னா நீராவி இன்ஜின் காலத்து இயந்திரங்களை வச்சு எழுதுற கற்பனைக் கதை, பெரும்பாலும் பழைய லண்டன்ல நடக்கும். நம்ம ஊர் நீராவியை வச்சு மட்டும்தான் எழுதணும், லண்டன் பனிமூட்டமே வரக்கூடாதுன்னு முதல்லயே பேசிக்கிட்டோம். 1856-ல ராயபுரத்துலேர்ந்து கிளம்பின முதல் வண்டி, தூத்துக்குடியில 1906-ல வ.உ.சி. ஆரம்பிச்ச சுதேசிக் கப்பல் கம்பெனி, பக்கிங்ஹாம் கால்வாய், நீலகிரி மலை ரயில், இப்படி ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டோம். கதைங்க வர நாலு மாசம். அதுல பிரச்சினையே இல்ல.

முதல் அடி எடிட்டிங்ல. பொன்மலை ஒர்க்‌ஷாப்ல (திருச்சியில இருக்குற ரயில்வே ஒர்க்ஷாப்) வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் எங்க குரூப்ல ஒருத்தருக்குப் பழக்கம், அவர்கிட்ட கதைகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். நீலகிரி கதையோட கிளைமாக்ஸ்ல, வண்டி மலையேறிட்டிருக்கும்போது வில்லன் இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கிற கப்ளிங்கைக் கழட்டி விட்டுருவான், பெட்டிங்க பின்னாடி சரிஞ்சு பள்ளத்தாக்கை நோக்கி ஓடும். அவர் போன் பண்ணி பொறுமையா கேட்டார்: "ஏம்மா, மேட்டுப்பாளையத்துலேர்ந்து குன்னூர் ஏறும்போது இன்ஜின் எங்க இருக்கும்னு பார்த்திருக்கியா?" கீழ்ப்பக்கம்தான் இருக்கும், இன்ஜின் பெட்டிகளைத் தள்ளிக்கிட்டுதான் மேல போகும். பன்னெண்டு அடிக்கு ஓரடி ஏற்றம், அதனாலதான் அப்படி ஏற்பாடு. கப்ளிங் கழண்டாலும் பெட்டிங்க இன்ஜின் மேலதான் சாயும், எங்கயும் ஓடாது. எட்டு பக்க கிளைமாக்ஸ் ஒரே போன்ல போச்சு. எழுதினவங்க ரெண்டு வாரம் உட்கார்ந்து மாத்தினாங்க, இப்போ வில்லன் கை வைக்கிறது தண்டவாளத்துக்கு நடுவுல இருக்குற பல்தண்டவாளத்துல. முன்னாடி இருந்ததைவிட இது நூறு மடங்கு நல்லா இருக்கு, சத்தியமா சொல்றேன். ஸ்டீம்பங்க் எழுதுறவங்க நெஜமா இன்ஜின்ல கை வச்ச ஒருத்தர்கிட்டயாவது கதையைக் காட்டிருங்க.

அடுத்தது எழுத்துரு. இங்கதான் எனக்கு ஒரு கோயம்புத்தூர்–சென்னை டிக்கெட்டும் ஒரு நாள் லீவும் போச்சு. லேஅவுட் எங்க ஆளே ஒருத்தர் யூனிகோட்ல, இன்டிசைன்ங்கிற பக்கம் வடிவமைக்கிற சாஃப்ட்வேர்ல பண்ணி, பிடிஎஃப் எடுத்து பிரஸ்ஸுக்கு அனுப்பிட்டார். பிரஸ் பேர் வேணாம். அங்க டிடிபி, அதாவது கம்ப்யூட்டர்ல பக்கம் அமைக்கிற வேலை பார்க்கிற அண்ணன் போன்ல, "பிடிஎஃப்லாம் எங்களுக்கு ஒத்துவராது மேடம், ஓப்பன் ஃபைல் எடுத்துட்டு நேர்ல வந்துருங்க"ன்னுட்டார் (ஓப்பன் ஃபைல்னா திருத்த முடியற ஒரிஜினல் லேஅவுட் ஃபைல்). நானும் ராத்திரி வண்டி ஏறி, பென்டிரைவோட காலையில பத்து மணிக்கு அங்க போய் நின்னா ஆள் வரல. பன்னெண்டே முக்காலுக்கு வந்தார். ஃபைலைத் திறந்ததும் எனக்கு பகீர்னு ஆயிருச்சு, கொம்பு வர்ற எழுத்து எல்லாமே உடைஞ்சு கெடக்கு. ஸ்டீம்பங்க் புத்தகத்துல எந்த வார்த்தை அதிகமா வரும்? கொதிகலன். 208 பக்கத்துலயும் அது "ெகாதிகலன்"னு நிக்குது. நான் காட்டினேன். அவர் ஸ்க்ரீனைப் பார்த்துட்டு சொன்னது இன்னும் காதுல இருக்கு: "படிச்சா புரியுதுல்ல மேடம்?"

காரணம் என்னன்னா அவர் சிஸ்டத்துல இருந்தது ரொம்பப் பழைய வெர்ஷன். தமிழ் ஒழுங்கா வரணும்னா இன்டிசைன்ல வேர்ல்டு ரெடி கம்போசர்னு ஒரு செட்டிங் இருக்கு, அது இருக்கணும், இல்லன்னா கொம்பும் காலும் தனித்தனியா போயிடும். அதுக்கு அவர் சொன்ன வழி, மொத்தத்தையும் பழைய ஃபான்ட்டுக்கு கன்வெர்ட் பண்றது. ஒரு கதையை அப்படிப் பண்ணியும் காட்டினார். பாய்லர் பிரஷருக்கு ஆங்கிலத்துல மூணு எழுத்து போட்டிருந்தோம், அது தமிழ்ல அர்த்தமே இல்லாத மூணு எழுத்தா மாறிடுச்சு. பழைய ஃபான்ட்டுங்க ஆங்கில எழுத்தோட இடத்துலதான் தமிழைப் போட்டு வச்சிருக்கும், அதனால கலந்து எழுதின எதுவும் தப்பிக்காது. ஒன்பது பேர் மாசக்கணக்கா எழுதினதை இப்படிக் கொத்திப்போட நான் சம்மதிக்கல. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து, கடைசியில ஓனர்கிட்டயே போய், "அண்ணா, பிடிஎஃப்லயே ஃபான்ட் எம்பெட் ஆகியிருக்கு, உள்ளயே இருக்கு, இதை அப்படியே பிளேட் எடுங்க, எழுத்துல எது தப்பா வந்தாலும் எங்க பொறுப்பு"ன்னு கேட்டேன். அவர் ரெண்டு நிமிஷம்கூட யோசிக்கல, "தாராளமா பண்ணலாமே"ன்னார். இதைப் போன்லயே சொல்லியிருக்கலாம். பிரஸ்ஸுல முதல்ல பேசும்போதே எம்பெட் பண்ணின பிடிஎஃப் வாங்கிப்பீங்களான்னு ஓனர்கிட்ட நேரா கேட்டுருங்க, மாட்டேன்னா வேற பிரஸ் பாருங்க.

அப்புறம் அந்த அட்டை விஷயம். கலர்ல ஒரு தடவை ஏற்கனவே அடி வாங்கியிருந்தோம். ஆர்ட்டிஸ்ட் ஆர்ஜிபியில, அதாவது ஸ்க்ரீனுக்கான கலர் முறையில வரைஞ்சிருந்தார், கம்ப்யூட்டர்ல செம்பு தகதகன்னு இருந்தது, நாலு கலர் மைக்கு மாத்தினதும் புளிக்குழம்பு கலருக்கு வந்துருச்சு. நெஜ உலோகப் பளபளப்பு வேணும்னா அஞ்சாவதா தனி மை போடணும், இல்ல ஃபாயில் அடிக்கணும், ரெண்டுக்கும் எங்ககிட்ட காசில்ல. மஞ்சளையும் கறுப்பையும் மாத்தி மாத்தி வச்சு, அதே போர்டுல டிஜிட்டல் ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, மூணு எடுத்து சரி பண்ணினோம். ப்ரூஃபை அதே போர்டுல எடுக்கணும், வேற பேப்பர்ல எடுத்துப் பார்க்கிறதுல பிரயோஜனமே இல்ல. பார்கோடும் செம்பு கலர் மேலயே இருந்துச்சு, அதை வெள்ளைப் பெட்டிக்குள்ள போட்ட பிறகுதான் ஸ்கேன் ஆச்சு. எல்லாம் முடிஞ்சு 310 அட்டை அச்சாயிருச்சு, உள்பக்கத்துக்கு பேப்பர் கட் பண்ணப் போறாங்க. அன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்கு ஒருத்தர்கிட்டேர்ந்து மெசேஜ்: "சாரி, என் கதையை எடுத்துருங்க, ஒரு பத்திரிகையில போடப்போறாங்க, வேற எங்கயும் வந்திருக்கக் கூடாதாம்."

அவர் மேல எனக்குக் கோபம் இல்லன்னு சொன்னா பொய். ஆனா தப்பு எங்க மேலதான். அவர் கதையை எங்களுக்குக் கொடுத்ததுக்கு இருந்த ஒரே ஆதாரம், வாட்ஸ்அப்ல ஒரு "ஓகே"வும் ஒரு கட்டைவிரலும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையைக் கொடுக்கிறதுன்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். அதுலயும் எத்தனை வருஷம்னு எழுதலன்னா அஞ்சு வருஷம்னுதான் எடுத்துக்குவாங்க, எந்த இடத்துக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். இது எதுவுமே எங்களுக்குத் தெரியாது. நண்பர்களுக்குள்ள எதுக்கு ஒப்பந்தம், கேட்டா சங்கடமா நினைப்பாங்களோன்னு நான்தான் விட்டுட்டேன். நண்பர்களா இருக்கிறதாலதான் எழுதி வச்சுக்கணும், சண்டை வராம இருக்க அது ஒண்ணுதான் வழி.

கதையை எடுத்ததும் ஒவ்வொண்ணா சரிஞ்சது. அட்டையோட பின்பக்கத்துல ஒன்பது பேர் பேரும் இருக்கு, அதுலயே அட்டை போச்சு. அந்தக் கதை 22 பக்கம், 208 பக்கம் 186 ஆயிருச்சு. அச்சுல பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், 186 எந்தக் கணக்குலயும் உட்காராது, அதனால இன்ஜின் பாகங்களுக்கு ஆறு பக்கம் குறிப்பு எழுதிச் சேர்த்து 192, அதாவது பன்னெண்டு ஃபாரம் ஆக்கினோம் (அந்த ஆறு பக்கத்தைத்தான் வாங்கினவங்க ரொம்பப் பாராட்டுறாங்க). எட்டு தாள் குறைஞ்சா புத்தகத்தோட முதுகு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் சுருங்கும். ஒரு மில்லிமீட்டர்தானேன்னு தோணும், எங்க முதுகு தனியா கருஞ்செம்பு பட்டை, அது முன்னட்டை மேல ஏறி வளைஞ்ச கோடு மாதிரி தெரியும். பேரை ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சுக்கலாமான்னுகூட யோசிச்சேன், இந்தப் பட்டையைப் பார்த்ததும் அதையும் விட்டுட்டேன். பக்க எண்ணிக்கை முடிவாகி, உள்பக்கம் அச்சாகிற வரைக்கும் அட்டையை அடிக்காதீங்க. முதுகுக்குத் தனிக் கலரும் வேணாம், முன்னட்டை கலரையே ஓட விட்டுருங்க. புது அட்டைக்கு எட்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம், அதுல ஒருத்தருக்கு அந்த மாசம் சம்பளம்கூட வரல, இருந்தும் போட்டாங்க.

மறுநாளே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி எட்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கினேன். அச்சுக்கும் இ-புக்குக்கும் எத்தனை வருஷம், உலகம் முழுக்கவா, வேற இடத்துல எப்போலேர்ந்து போட்டுக்கலாம், காசு எப்படிப் பிரியும், அவ்வளவுதான். காசு விஷயத்தைக் கண்டிப்பா எழுதுங்க. அமேசானோட கிண்டில்ல இ-புக்கா போட்டா ராயல்டி ஒரே ஒரு அக்கவுண்டுக்குத்தான் வரும், எட்டா பிரிச்சுத் தர மாட்டாங்க. அங்க வரி இன்டர்வியூன்னு ஒரு ஃபார்ம் வரும், அதுல பான் நம்பர் போட்டா அமெரிக்காவுல விக்கிறதுக்குப் பிடிக்கிற வரி 30 சதவீதத்துலேர்ந்து 15 ஆகும், ஆனா நம்ம ஊர் வருமான வரிக்கணக்குல வர்ற மொத்தமும் அந்த ஒரு ஆள் பேர்லதான் நிக்கும். அந்த ஆள் நான். அதனால வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்டை ஆறு மாசத்துக்கு ஒருதடவை எல்லாருக்கும் அனுப்பணும்னும் எழுதிட்டேன்.

இன்னொண்ணு, இந்தியாவுல 70 சதவீத ராயல்டி வேணும்னா கிண்டில் செலக்ட்ங்கிற திட்டத்துல சேரணும், சேர்ந்தா அந்த 90 நாள் இ-புக் வேற எங்கயும் இருக்கக் கூடாது, சொந்த வலைப்பூவுலகூட. எங்கள்ல ரெண்டு பேர் கதை அவங்க வலைப்பூவுல முழுசா கெடந்துச்சு. பப்ளிஷ் பட்டனை அமுக்குறதுக்கு முந்தின நாள், சும்மா கதையோட முதல் வரியைத் தேடிப் பார்த்தப்போதான் கண்ணுல பட்டுச்சு. உடனே எடுக்க வச்சோம். ஒவ்வொரு கதையோட முதல் வரியையும் இப்படித் தேடிப் பார்த்துருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

ஐஎஸ்பிஎன்னுக்கு (புத்தகத்தோட அடையாள எண்) நம்ம நாட்டுல காசே கிடையாது, ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி தளத்துல நாமளே போடலாம், யாராவது இதுக்குத் தனியா பணம் கேட்டா கொடுக்காதீங்க. நான் பண்ணின தப்பு, ஃபார்ம்ல தலைப்பை டைப் பண்ணும்போது நடுவுல வர்ற ஒரு "க்" விட்டுப்போச்சு, அட்டையில ஒற்றோட இருக்கு, திரும்ப சரிபண்ணி அனுப்ப வேண்டியதாயிருச்சு. அச்சுக்கு ஒரு நம்பர், இ-புக்குக்கு இன்னொரு நம்பர், ஒண்ணையே ரெண்டுக்கும் போடக் கூடாது. புத்தகம் வந்த 30 நாளுக்குள்ள கன்னிமாரா உட்பட நாலு பொது நூலகத்துக்குப் பிரதி அனுப்பணும்னு 1954 சட்டம் இருக்கு, அனுப்பிட்டோம். நந்தனம் புத்தகக் காட்சியில தெரிஞ்சவங்க ஸ்டால்ல 40 சதவீதம் கழிவுக்கு வச்சோம், முதல் வாரமே 70 பிரதி போச்சு. பில் போடுற இடத்துல எங்க பார்கோடு 'பீப்'னு அடிச்ச சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

போன வாரம் பொன்மலைப் பெரியவருக்குப் பிரதி போய்ச் சேர்ந்தது. ரெண்டே நாள்ல படிச்சுட்டுக் கூப்பிட்டார். மலை ரயில் கதை அவருக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அப்புறம், "தூத்துக்குடி கதையில 117-ஆம் பக்கம் எடு"ன்னார். அது கடைசி நேரத்துல திருத்தி எழுதினது, அவர்கிட்ட காட்டவே இல்ல. பாய்லர்ல தண்ணி வத்தி, கண்ணாடிக் குழாயில மட்டமே தெரியல, ஹீரோ உடனே தண்ணியைத் திறந்து விட்டு கப்பலைக் காப்பாத்துறான். "தண்ணி மட்டம் தெரியலன்னா முதல்ல நெருப்பை வெளிய தள்ளணும்மா. காய்ஞ்சு சிவந்து கெடக்குற தகட்டுல பச்சைத் தண்ணி பட்டா காப்பாத்துறதா, வெடிச்சுரும்." இ-புக்ல அன்னிக்கு ராத்திரியே மாத்தி ஏத்திட்டோம். அச்சுல மிச்சம் இருக்குற பிரதிகளுக்குத் திருத்தச் சீட்டு வைக்கணும். பழைய அட்டையோட உள்பக்கம் வெறும் வெள்ளைதானே, அதை புக்மார்க் அளவுக்கு வெட்டி, கையால எழுதி, ஒவ்வொண்ணா 117-ஆம் பக்கத்துல சொருகிட்டிருக்கேன். நேத்து வரைக்கும் 94 முடிஞ்சிருக்கு.