அசகுசாவில் ஒரு முள்ளங்கிப் பிள்ளையார்

டோக்கியோ போனவர்கள் அசகுசா பற்றிச் சொல்லும்போது அந்தச் சிவப்பு விளக்கைத்தான் முதலில் சொல்வார்கள். காமினாரிமோன் வாசலில் தொங்குகிறது, 3.9 மீட்டர் உயரம், 700 கிலோ எடை. எல்லோரும் எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, என் மனைவி அதன் அடியில் போய் அண்ணாந்து பார்த்தாள். அடிப்பாகத்தில் ஒரு டிராகன் செதுக்கியிருக்கிறார்கள்.

உள்ளே நகாமிசே கடைத்தெரு. நம் சன்னதித் தெருவேதான். பொம்மை, விசிறி, சுடச்சுட கேக். கூட்டம் தள்ளிய தள்ளலில் சென்சோஜி கோயில் வந்துவிட்டது.

கி.பி. 628-இல் சுமிதா ஆற்றில் வலை வீசிய இரண்டு சகோதரர்களுக்குக் கன்னோன் சிலை கிடைத்தது என்பது தலபுராணம். கன்னோன் என்பது அவலோகிதேஸ்வரர், பௌத்தத்தின் கருணைத் தெய்வம். 1945 மார்ச் குண்டுவீச்சில் எரிந்த கோயிலை 1958-இல் மீண்டும் கட்டினார்கள். அந்த மூலச் சிலையை யாருக்கும் காட்டுவதில்லை. சிதம்பர ரகசியம் கண்ட நமக்கு இது புதிதா என்ன! முன்னே பெரிய தூபக் கலசம். வலிக்கிற இடத்தில் புகையை வாரிப் பூசிக்கொள்கிறார்கள். நான் முழங்காலுக்கு வாரிக்கொண்டேன். 100 யென் போட்டுக் குலுக்கிய குறிச்சீட்டில் 'கெட்ட பலன்' வந்தது. அங்கேயே கம்பியில் கட்டிவிட்டு வந்தால் தோஷம் போச்சாம்.

கூட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆற்றோரமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சின்ன மேட்டில் மட்சுச்சியாமா ஷோடென் கோயில். நான் வந்ததே இதற்காகத்தான். இங்கே இருப்பவர் காங்கிதென். நம் பிள்ளையார் பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போய் எடுத்த வடிவம். இவரும் திரைக்குள்தான். படிக்கட்டு முதல் விளக்கு வரை எங்கும் முள்ளங்கியும் சுருக்குப்பையும் செதுக்கியிருக்கிறார்கள். முள்ளங்கி உடல்நலத்துக்கும் குடும்ப ஒற்றுமைக்கும், பை வியாபாரத்துக்கும்.

கொழுக்கட்டை இல்லை, அருகம்புல் இல்லை. கோயிலிலேயே விற்கும் வெள்ளை முள்ளங்கியை வாங்கி வைத்தேன். முன்னால் ஏற்கெனவே ஒரு குவியல். தோப்புக்கரணம் போடக் கை காதுக்குப் போனது; பக்கத்தில் ஒரு பாட்டி கண்மூடி நின்றதால் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

படைத்து எடுத்த முள்ளங்கிகளை வெளியே பிரசாதமாக வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துவந்து ராத்திரி அறையில் சீவி, உப்பு தொட்டுத் தின்றோம். காரமே இல்லை.