பத்திரமும் அனுபவமும்

அண்மையில் பழைய கிரயப் பத்திரம் ஒன்றை வாசிக்க நேர்ந்தது. நான்கெல்லையைக் குறிக்கும் இடத்தில், கிழக்கே இன்னார் உழுதுவரும் நிலம் என்று எழுதியிருந்தது. அந்த இன்னாருக்கு அது சொந்தமா, குத்தகையா என்பதைப் பற்றி எழுதியவர் கவலைப்படவே இல்லை. எல்லை காட்ட, அங்கே உழுகிறவர் யார் என்பதே அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

சட்டமும் நெடுங்காலம் கைவசத்தைப் பெரிதாகவே மதித்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ரோமானியர் வகுத்த பன்னிரு பட்டயச் சட்டம், நிலத்தை 2 ஆண்டுகள் தொடர்ந்து தன் வசம் வைத்திருந்தவருக்கு அதன் உரிமையையே அளித்தது. எதிரிடை அனுபவம் என்று வழக்கறிஞர்கள் இன்று சொல்வதும் இதே வழியில் வந்த கோட்பாடுதான். ஆனால் வெறுமனே குடியிருந்தால் அது கைகூடாது. உடையவர் அறியக்கூடியபடி வெளிப்படையாக, இடைவிடாமல், அவருடைய உரிமையை மறுத்தே அனுபவித்திருக்க வேண்டும். அதனால்தான் 30 ஆண்டுகள் ஒழுங்காக வாடகை கொடுத்தவர் இதைக் கோர முடிவதில்லை. கொடுத்த ஒவ்வொரு வாடகையும் நிலம் இன்னொருவருடையது என்று அவரே ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகிவிடுகிறது. நேர்மையாக இருந்தவருக்கு இது விசித்திரமான பரிசு என்றே எனக்குப் படுகிறது.

1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறை, பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் துருவும் தொல்லையை நீக்கி, அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமை என்றாக்கியது. வாங்குபவருக்கு அது பெரும் நிம்மதிதான். ஆனால் அந்தப் பதிவேட்டின் முதல் உரிமை பிரித்தானிய முடியரசிடமிருந்து தொடங்கியது. அதற்கு முன் பல்லாயிரம் ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கண்டத்தின் வடக்கே உள்ள மெர் தீவில், தோட்டங்கள் எல்லை வகுக்கப்பட்டுக் குடும்பம் குடும்பமாகக் கைமாறி வந்தன. 1879இல் குயின்ஸ்லாந்து அத்தீவைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட பிறகும் மக்கள் அப்படியே பயிரிட்டு வந்தார்கள். அந்த உரிமைக்காக 1982இல் வழக்குத் தொடுத்தவர்களுள் ஒருவரான எடி மாபோ, தீர்ப்புக்குச் சில மாதங்களுக்கு முன்பே காலமானார். 1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், அந்நிலங்களை வசம் வைத்திருக்கவும், குடியிருக்கவும், பயன்படுத்தவும், அனுபவிக்கவும் அத்தீவினரான மெரியம் மக்களுக்கு உலகில் எவருக்கும் எதிராகச் செல்லும் உரிமை உண்டு என்று அறிவித்தது.