பூப்பெட்டியும் சவப்பெட்டியும்

மதுரை விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ஏழு வருடம் இருந்தேன். சட்டையில் விமானக் கம்பெனியின் பெயர். சம்பளம் மட்டும் ஒப்பந்தக்காரரிடம்.

ஒருநாள் கம்பெனித் தலைமையகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ‘நமது நிறுவனம் நல்ல குடிமகனா? கருத்தை எழுதவும்.’ பெருங்குடி டீக்கடையில் வாசித்துக் காட்டினேன். லோடர் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. “குடிமகனான்னு டாஸ்மாக்லல்லப்பா கேக்கணும்!”

மதுரையில் கேள்வி ஒன்று கையில் கிடைத்தால் பட்டிமன்றம்தான். புதிதாகச் சேர்ந்த எம்பிஏ தம்பி கம்பெனி பக்கம். 2013 கம்பெனிச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அதற்குப் பேர் சிஎஸ்ஆர் என்றான்.

“நட்டத்துல ஓடுனா?”

“அப்ப கணக்கு வராதுண்ணே.”

“இந்தத் தொழில்ல எவன்டா லாபத்துல ஓடுறான்?”

அண்ணனுக்குப் பூதான் கோபம். மல்லிகையைத் தெர்மாகோல் பெட்டியில் அனுப்புவார்கள். 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர் பெட்டியென்றால், மூன்றையும் பெருக்கி 6000ஆல் வகுத்து 16 கிலோ என்று பில் போடுவோம். தராசில் 10 கிலோதான் இருக்கும். இடத்துக்கும் காசு, அது நியாயம்தான். ஆனால் பயணிகளின் லக்கேஜ் கூடிவிட்டால் முதலில் கீழே இறங்குவது பூ. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, அன்றைய வெயிலில் எங்கள் ஷெட்டிலேயே மலர்ந்து நிற்கும். விவசாயிக்கு யார் பதில் சொல்வது?

எனக்கு மனசில் ஓடியது வேறொரு பில். வளைகுடாவில் இறந்தவர்களின் உடல்களும் சரக்காகத்தான் வரும். பெட்டியோடு சேர்த்து எடைபோட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். பரமக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன், கையெழுத்துப் போடப் போனவன், பேனாவை நிறுத்திக் கேட்டான்: “இதுல எங்கப்பா மட்டும் எத்தன கிலோ சார்?” நான் பெட்டிக்குப் பின்னால் நின்ற டிராலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2019 தொடக்கத்தில் ஏர் இந்தியா, அப்போது அரசாங்கக் கம்பெனி, எடை பார்ப்பதை விட்டுவிட்டு வளைகுடாவிலிருந்து வரும் உடலுக்கு ஒரே கட்டணம், 12 வயதுக்குக் கீழ் பாதி என்று அறிவித்தது. கம்பெனிகள் மரம் நட்டுப் போட்டோ எடுப்பதைவிட எனக்கு இது பெரிதாகப் பட்டது. இதற்குச் சட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கேட்டுக் கேட்டு அலைந்தவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். தம்பியிடம் இதைச் சொன்னேன். “அது சேவைண்ணே, சிஎஸ்ஆர்ல வராது” என்றான்.

படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால், முதல் கட்டத்திலேயே பணியாளர் எண் கேட்டிருந்தார்கள். ஒப்பந்த ஆட்களுக்கு அந்த எண் கிடையாது.

“ரேஷன் கார்டுல பேரச் சேக்க மாட்டாய்ங்க, குடும்பம் எப்படின்னு மட்டும் கேப்பாய்ங்க” என்றபடி அண்ணன் கையுறையை மாட்டினார். வாசலில் பூ வண்டி ஹாரன் அடித்தது.