ரோஜர் கேஸ்மென்ட் எழுதி வச்ச நோட்டுங்க

ரெண்டு வாரமா ரோஜர் கேஸ்மென்ட் பத்தியே படிச்சிட்டு இருக்கேன், ராத்திரி படுத்தாலும் மனசு அங்கேயே கிடக்கு. 1864ல டப்ளின் பக்கம் பொறந்த ஐரிஷ்காரர், பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு ஆப்பிரிக்காவுலயும் பிரேசில்லயும் கான்சலா இருந்தவர்.

1903ல காங்கோவுக்குள்ள போறார். அந்த நாடே அப்போ பெல்ஜியம் ராஜா லியோபோல்டோட சொந்த சொத்து மாதிரி, ஊர் ஊரா ரப்பர் கொண்டு வந்து கொட்டணும், குறைஞ்சா சவுக்கடி, சுட்டுக் கொல்றது, கையை வெட்டுறது. இவர் அரசாங்க படகை நம்பாம மிஷனரிங்களோட ஸ்டீமர் ஒண்ணை வாடகைக்கு எடுத்துட்டு ஆத்துல மேல போய், ஜனங்க கிட்ட உக்காந்து கேட்டு கேட்டு எழுதிக்கிட்டார். 1904ல ரிப்போர்ட் வெளிவருது. ஆனா லண்டன்ல வெளியுறவு இலாகா என்ன பண்ணுச்சுன்னா பேரையெல்லாம் எடுத்துட்டு வெறும் ஆங்கில எழுத்தைப் போட்டு அச்சடிச்சிடுச்சு. கை போன பையனுக்கு ஒரு பேர் இருக்கு, ஊர் இருக்கு, அதை இவர் நேர்ல கேட்டு எழுதியிருக்கார், புஸ்தகத்துல பாத்தா ரெண்டு எழுத்து தான். கேஸ்மென்ட்டுக்கு பயங்கர கோபம். எனக்கும் படிக்கும்போதே ஆத்திரமா வந்துச்சு.

1910ல அமேசான் பக்கம் புட்டுமாயோ. அங்கயும் ரப்பர், அதே கொடுமை, கம்பெனி லண்டன்ல பதிவானது, கங்காணி வேலைக்கு கூட்டிட்டுப் போன பார்படாஸ் ஆளுங்க பிரிட்டிஷ் பிரஜைங்க, அதனாலதான் இவரை அனுப்ப முடிஞ்சுது. அதுக்கு 1911ல சர் பட்டம் குடுத்தாங்க.

அந்த 1910லயே இவர் ரெண்டு டைரி எழுதியிருக்கார். ஒண்ணு பெருசு, தினம் பாத்ததை விலாவாரியா எழுதினது, டப்ளின் நேஷனல் லைப்ரரில இருக்கு. இன்னொண்ணு சின்னது, அதுல ஆண்களோட இருந்த அந்தரங்க உறவையும் குறிச்சு வச்சிருந்தார். அப்புறம் பிரிட்டிஷ் வேலையை விட்டுட்டு, அயர்லாந்து விடுதலைக்கு ஜெர்மனி கிட்ட உதவி தேடிப் போனார். 1916ல, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஐரிஷ் கிளர்ச்சி வெடிக்கிறதுக்கு மூணு நாள் முன்னாடி ஜெர்மன் நீர்மூழ்கில வந்து அயர்லாந்துல கெர்ரி கடற்கரைல இறங்கி மாட்டிக்கிட்டார். ராஜ துரோகம், தூக்கு. கருணை காட்டுங்கன்னு பெரிய மனுஷங்க மனு போட்டுட்டு இருந்த நேரத்துல, இந்த மாதிரி அந்தரங்க டைரிங்கள்ல இருந்து பக்கம் பக்கமா டைப் அடிச்சு பத்திரிகைக்காரங்க கிட்டயும் அமெரிக்கத் தூதர் கிட்டயும் காட்டினாங்க. சர் பட்டத்தையும் பிடுங்கிட்டாங்க. ஆகஸ்ட் 3ஆம் தேதி தூக்கு.

அதாவது ஊருக்கெல்லாம் தெரியணும்னு அவர் எழுதின பேருங்களை மறைச்ச அதே அரசாங்கம், யாருக்கும் தெரிய வேணாம்னு எழுதினதை வீடு வீடா காட்டியிருக்கு. இதை நினைச்சா தான் தாங்கல.

அந்த அந்தரங்க டைரிங்களை ஆராய்ச்சியாளருக்குத் திறந்து விட்டதே 1959ல தான். அதுவரைக்கும் போலின்னு நம்பினவங்க நிறைய, 2002ல கையெழுத்து சோதனை பண்ணி அவர் எழுதினது தான்னு சொன்னாங்க, அதுக்கப்புறமும் ஒத்துக்காதவங்க இருக்காங்க. எனக்கு நிஜம்னு தான் படுது, அதனால அவர் மேல இருக்குற மரியாதை ஒரு பொட்டு கூட குறையல.

1965ல எலும்பைத் தோண்டி எடுத்து டப்ளின் கொண்டு போய் க்ளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணாங்க. சின்ன டைரி இன்னும் லண்டன்ல க்யூ ஆவணக் காப்பகத்துல தான் இருக்கு.