வைர பிட்டின் மாளிகையில் ஓர் ஒண்டுக்குடித்தனம்

நண்பர் வீடு தேட ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. இங்கிலாந்தில் ரெடிங்கைச் சுற்றி இருபது வீடாவது பார்த்திருப்பார். அதில் பாதிக்கு நானும் துணை. வாங்கும் வசதி எனக்கு இல்லை, ஆனால் அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கும் ஆசை நிறைய உண்டு. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வாட்ஸாப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினார். கூடவே, "அண்ணா, நாளைக்குக் காலையில பத்தரை. அம்மாவும் வர்றாங்க" என்று ஒரு வரி.

படத்தில் பச்சைப் புல்வெளிக்கு நடுவே நீளமான ஒரு மாளிகை. அதற்குள் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட் விற்பனைக்கு. பெயர் ஸ்வாலோஃபீல்ட் பார்க். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே பல் துலக்கினேன். பாதியில் உறைத்தது. தாமஸ் பிட்! 1698 முதல் 1709 வரை மெட்ராஸின் கவர்னராகப் புனித ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே பிட்.

நான் நுங்கம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். 1708-இல் நவாப் தாவூத் கானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து கிராமங்களில் எங்கள் பேட்டையும் ஒன்று. மற்றவை திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. வாங்கிக் கொடுத்தவர் பிட். அப்படிப்பட்டவரின் வீட்டில் ஒரு பகுதி விற்பனைக்கு வருகிறது என்றால், பத்தரைக்கு ஒன்பது மணிக்கே தயாராகிவிட மாட்டேனா?

ரெடிங்கிலிருந்து தெற்கே அரை மணி நேரம்கூட ஆகாது. த்ரீ மைல் கிராஸ், ஸ்பென்சர்ஸ் வுட் என்று வரிசையாக ஊர்கள் வந்து, அப்புறம் திடீரென்று வயல்களாகிவிடுகிறது. நண்பரின் அம்மா திருச்சியிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். வழி முழுக்க அவருக்கு ஒரே கேள்வி: "ராஜா வீடுங்கிற, அதுல நமக்கு எத்தன ரூமு?" இரண்டு என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப இது ஒண்டுக்குடித்தனம்தான தம்பி?" என்றார். திருவல்லிக்கேணியில் ஒரு வாசலுக்குள் எட்டுக் குடும்பம் இருந்த கதையெல்லாம் அவருக்குத் தெரியும். அதைவிடப் பொருத்தமான சொல் எனக்கும் கிடைக்கவில்லை.

கேட்டைத் தாண்டியதும் மரங்களுக்கு நடுவே தனிப் பாதை. மாளிகையை முதலில் பார்த்தபோது கொஞ்சம் ஏமாற்றம்தான். அலங்காரமே இல்லாத, பூச்சு பூசிய, கண்டிப்பான முகம். ஆனால் அது கட்டியபோது இருந்த முகம் இல்லை. 1689 வாக்கில் இரண்டாம் கிளாரண்டன் பிரபுவுக்காக இதைக் கட்டியவர் வில்லியம் டால்மன்; சாட்ஸ்வொர்த் மாளிகையின் தெற்கு முகப்பைக் கட்டியவரும் அவர்தான். 1820-க்குப் பிறகு வில்லியம் அட்கின்சன் என்ற கட்டடக் கலைஞர் வந்து எல்லாவற்றையும் அந்தக் கால நாகரிகத்துக்கு மாற்றிவிட்டார். டால்மன் செதுக்கவைத்த பழைய வாசலைப் பெயர்த்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வீட்டை விட்டுத் தோட்டத்துக்குக் குடிபோன வாசல். எனக்கு மொத்த இடத்திலும் பிடித்தது அதுதான்.

தோட்டத்துக்கு அதைவிடப் பழைய புகழ் உண்டு. ஜான் ஈவ்லின் என்ற நாட்குறிப்பாளர் 1685-இல், இந்தக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே, இங்கே வந்துபோய்ப் பழ மரங்களையும் பூக்களையும் மீன் குளங்களையும் பாராட்டி எழுதினார். தோட்டக் கலையில் தேர்ந்தவர் கிளாரண்டனின் மனைவி. இந்த எஸ்டேட் அவருடைய பிறந்த வீட்டுச் சொத்து. அவர் பெயரே ஃப்ளவர்!

ஏஜென்ட் இளைஞர், கூர்முனை ஷூ, கையில் டேப்லட். "இந்தியாவிலிருந்து வந்தவர்களா? அப்படியானால் உங்களுக்குப் பிடிக்கும். டயமண்ட் பிட் இங்கேதான் வாழ்ந்தார், கல்கத்தாவில் ஏதோ பதவியில் இருந்தவர்" என்று ஆரம்பித்தார். மெட்ராஸ் என்று திருத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே டேப்லட்டில் எதையோ தட்டினார். நியாயமாகச் சொன்னால் அவர் முழுக்கத் தப்பும் இல்லை. 1820-இல் இந்த வீட்டை வாங்கிய சர் ஹென்றி ரஸ்ஸல், கல்கத்தாவில் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவர் மகனோ ஹைதராபாத்தில் நிஜாமின் அவையில் ரெசிடென்டாக, அதாவது கம்பெனியின் பிரதிநிதியாக இருந்து பெரும் பணத்தோடு திரும்பியவர். ஆக, இந்தக் கூரைக்கு மெட்ராஸ், கல்கத்தா, ஹைதராபாத் என மூன்று ஊர்ப் பணமும் ஓடு வேய்ந்திருக்கிறது.

பிட்டின் கதையை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். மனிதர் முதலில் கம்பெனியின் அனுமதியே இல்லாமல் இந்தியாவில் திருட்டு வியாபாரம் செய்தவர். கம்பெனி வழக்குப் போட்டு 1,000 பவுண்டு அபராதம் வாங்கப் பார்த்தது, பிறகு 400 ஆகக் குறைந்தது. கடைசியில் இவரை அடக்க முடியாது என்று கவர்னராகவே ஆக்கிவிட்டார்கள். கோட்டையில் இருந்தபோது ஜம்சந்த் என்ற வியாபாரி ஒரு கல்லைக் கொண்டுவந்தார். கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த, 410 காரட் பட்டைதீட்டாத வைரம். ஜம்சந்த் கேட்டது 2,00,000 வராகன். பேரம் பேசிப் பேசி 48,000 வராகனுக்கு முடித்தார் பிட். அன்றைய கணக்கில் 20,400 பவுண்டு.

"நாலுல ஒண்ணாக் குறைச்சிட்டானா! கெட்டிக்காரன்தான்" என்றார் அம்மா. மகன் பக்கம் திரும்பி, "நீயும் அப்படிக் கேளு" என்றார். ஏஜென்டுக்குத் தமிழ் புரியாதது நல்லதாகப் போயிற்று.

1702-இல் மகன் ராபர்ட் கையில் கல்லை லண்டனுக்கு அனுப்பினார். பட்டை தீட்ட மட்டும் இரண்டு ஆண்டு. கல் 141 காரட்டுக்குச் சுருங்கியது. வாங்க ஆள் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. இதற்குள், அடிமை ஒருவரைக் கொன்று பறித்த கல் என்று ஊரெல்லாம் வதந்தி. முறையாகப் பேரம் பேசி வாங்கியதுதான் என்று பிட் எழுதியே கொடுக்க வேண்டியதாயிற்று. திருட்டுப் பயத்தில் ஒரே கூரையின் கீழ் இரண்டு இரவு தூங்க மாட்டார் என்றும் சொல்வார்கள். கடைசியில் 1717-இல் சிறுவனான மன்னனுக்காகப் பிரான்சை ஆண்ட ரீஜென்ட், ஆர்லியான்ஸ் கோமகன், 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இன்றும் ரீஜென்ட் வைரம் என்ற பெயரில் இருப்பது அந்தக் கல்தான். அந்தப் பணம் கைக்கு வந்த காலத்தில் வாங்கிய சொத்துகளில் ஒன்று ஸ்வாலோஃபீல்ட். 1726-இல் இங்கேயேதான் இறந்தார். இவருடைய பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டனின் பிரதமர்கள் ஆனார்கள் என்றதும் அம்மா, "பின்ன, அந்தக் காசு சும்மா போகுமா?" என்றார்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

பொதுவான முன்கூடங்கள் கம்பீரமாக இருந்தன. குரலைத் தானாகவே தாழ்த்த வைக்கும் உயரம். ஆனால் நாம் பார்க்க வந்தது அதற்கு மேலே, கூரைக்கு அடியில். ஏற ஏறப் படிக்கட்டு குறுகியது, கைப்பிடியின் வேலைப்பாடு குறைந்தது, கடைசித் திருப்பத்தில் நான் குனிய வேண்டியிருந்தது. வேலைக்காரர்கள் படுத்த பகுதியாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. விளம்பரத்தில் அதற்குக் "கதகதப்பான சூழல்" என்று பெயர். சரிந்த உத்தரத்துக்குக் கீழே கட்டில் போட்டால் காலையில் எழும்போது தலையில் இடிப்பது உறுதி. ஆனால் அந்தச் சின்ன ஜன்னலுக்கு வெளியே! புல்வெளி, பழுத்த இலைகள், தூரத்தில் ஆற்றோரத்துப் பனிப்புகை. இந்த ஊர்ப் பக்கத்தில்தான் பிளாக்வாட்டர் ஆறு லாடனில் கலக்கிறது. நண்பர் அங்கேயே நின்றுவிட்டார். அவர் மனைவி என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், 'போச்சு' என்கிற மாதிரி.

நான்தான் அடுப்பங்கரைப் பக்கம் போய்க் கேள்விகளை ஆரம்பித்தேன். ஜன்னல்கள் மேலும் கீழும் தள்ளித் திறக்கும் பழைய மரச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி. மாற்றலாமா? கட்டடம் பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் பட்டியலில், இரண்டாம் தர நட்சத்திர வரிசையில் (Grade II*) இருக்கிறது. அனுமதி இல்லாமல் அதன் தன்மையை மாற்றினால் கிரிமினல் குற்றம். உள்பக்கமாக இன்னொரு கண்ணாடி போட வேண்டுமானால் முதலில் கவுன்சிலிடம் கேட்கலாம். முந்தைய சொந்தக்காரர் ஏதாவது சுவரை அனுமதியில்லாமல் இடித்திருந்தால்? பழையபடி கட்டு என்ற நோட்டீஸ் இன்றைய சொந்தக்காரருக்குத்தான் வரும். இதை ஏஜென்ட் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பதால் கேட்டேன். அவர் "உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்றார்.

அப்புறம் சர்வீஸ் சார்ஜ். ஈயத் தகடு போட்ட கூரை, மழைநீர்க் குழாய்கள், பாதை, தோட்டக்காரர் என எல்லாச் செலவையும் குடியிருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மாதக் கணக்கில் பார்த்தால், நான் ரெடிங்கில் முதன்முதலாக எடுத்த அறையின் வாடகையைவிட அதிகம். லீஸ்ஹோல்டு, அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமான குத்தகை என்பதால் எத்தனை ஆண்டு பாக்கி என்பதையும் பார்க்க வேண்டும். 80 ஆண்டுக்குக் கீழே இறங்கினால் நீட்டிக்கும் செலவு எகிறும்.

இத்தனைக்கும், இப்படிக் கூறு போட்டதால்தான் இந்த மாதிரி வீடுகள் நிற்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சொத்துக்காரர் இறந்ததும் வாரிசுகள் கட்ட வேண்டியிருந்த மரண வரி, இரண்டு உலகப் போர்கள், வேலைக்கு ஆள் கிடைக்காமை எல்லாம் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான மாளிகைகளை இடித்துத் தள்ளின. 1974-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதற்கென்றே ஒரு கண்காட்சி வைத்த பிறகுதான் பலருக்கும் உறைத்தது. ஸ்வாலோஃபீல்ட் தப்பியது வேறு வழியில். 1955-இல் தொடங்கிய ஒரு சங்கம் பழைய மாளிகைகளை எடுத்து, ஓய்வுபெற்றவர்களுக்கு அறைகளாகக் கொடுத்தது. அந்த வீடுகளில் இதுவும் ஒன்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கம் கலைந்ததும் வீடு அபார்ட்மென்ட்களாகியது.

இதே வேலையை இன்னும் அழகாகச் செய்தவர் கிட் மார்ட்டின். நார்ஃபோக்கின் கன்டன் ஹால் போன்ற வீடுகளை அவர் அடுக்கு அடுக்காக வெட்டாமல், கேக் வெட்டுவது மாதிரி மேலிருந்து கீழாக வெட்டினார். பெரிய கூடங்களைச் சிதைக்காமல், முடிந்தவரை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாசல், தனிப் படிக்கட்டு. இதைச் சொன்னதும் அம்மா, "அந்த ஆளு விவரமானவரு. இங்கயும் அவரையே விட்டிருக்கலாம்" என்றார்.

கீழே இறங்கியதும் அவர் ஏஜென்டிடம் நேரடியாக ஒன்று கேட்கச் சொன்னார். நான்தான் மொழிபெயர்த்தேன். துணி எங்கே காயப்போடுவது?

ஏஜென்டுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. பிறகு, வெளியே துணி காயப்போடுவதற்குக் குத்தகைப் பத்திரத்தில் அனுமதி இருக்காது, மாளிகையின் தோற்றம் கெடும், டிரையர் வைத்துக்கொள்ளலாம் என்றார். அம்மா புல்வெளியைப் பார்த்தார். வெயில் அப்போதுதான் வந்திருந்தது. மெரினாவில் பாதி இருக்கும்போல் ஒரு புல்வெளி, அதில் ஒரு ஈரவேட்டிக்கு இடமில்லை. "இவ்வளவு எடத்த வச்சுக்கிட்டு..." என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தில் கொஞ்சம் நின்றோம். எழுத்தாளர் மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்டின் கல்லறை அங்கே இருக்கிறது. வழியில் பார்த்த த்ரீ மைல் கிராஸில் நெடுங்காலம் இருந்து, 1851-இல் இந்த ஊருக்குக் குடிவந்து, 1855-இல் இறந்தவர். பிட் இங்கே இல்லை. அவரைப் பிறந்த ஊரான டார்செட்டின் பிளாண்ட்ஃபோர்ட் செயின்ட் மேரிக்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

ஞாயிறு முழுக்க நண்பர் கணக்குப் போட்டார். திங்கள் மதியம் ஏஜென்டுக்குப் போன் செய்தால், வேறு யாரோ முழு விலைக்கே பேசி முடித்துவிட்டார்களாம். அவர் மனைவி அன்று மாலை எங்கள் எல்லோருக்கும் பாயசம் வைத்தார். என்ன விசேஷம் என்று நண்பர் கேட்கவில்லை.

இப்போது ஷின்ஃபீல்டில் பக்கத்து வீட்டோடு ஒரு பக்கச் சுவர் ஒட்டிய ஒரு செமி டிடாச்ட் வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். 1990-களில் கட்டியது, வரலாறு என்று எதுவும் கிடையாது. திருச்சிக்குத் திரும்பிவிட்ட அம்மா போன வாரம் எனக்கே போன் செய்தார். "தம்பி, நீ போய்ப் பாத்தியா? பின்னாடி கொடி கட்ட ரெண்டு கம்பம் இருக்கா?" ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றுக்கு வேலியில் ஆணி அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.